நீங்க வெளியே உட்காருங்க

அன்புள்ள குட்டிமாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய், கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் என் பேரன் எப்படி இருக்கிறான் என்று கேட்கத்தான் வாய் வரவில்லை. நீ என் போனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். அப்பாவிடம் மட்டும் பேசுகிறாய் என்று தெரியும், அவர் மாடிப்படியில் நின்று ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு தெருவுக்கே கேட்கிற மாதிரி பேசுகிறார். பையனுக்கு எடை மறுபடி ஏறத் தொடங்கியது எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன், சாக்கு சொல்வதாக நினைக்காதே. எங்கள் ஆஸ்பத்திரியில் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவை இடித்துப் பெரிதாக்குகிறார்கள் அல்லவா, பாதி இடத்தில் கட்டட வேலை, பாதி இடத்தில் வைத்தியம், நடுவில் தரையிலிருந்து கூரைவரை பிளாஸ்டிக் திரை. அந்தப் பக்கம் டிரில்லிங் மெஷின், இந்தப் பக்கம் மூச்சு மெஷின், எந்தச் சத்தம் எதனுடையது என்று பிரித்துக் கேட்பதற்குள் உயிர் போய் உயிர் வருகிறது. தூசி உள்ளே வந்தால் தலைமை நர்ஸ் என்று என் தலைதான் உருளும். அன்று ஆக்சிஜன் குழாயை மாற்றிக்கொண்டிருந்தார்கள். சிலிண்டர் மீட்டரின் முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமல் நின்றேன், கையில் வார்டு போன். என் போன் அலமாரியில் இருந்ததால் நீயும் அந்த நம்பருக்கே கூப்பிட்டிருக்கிறாய். அம்மா, பையன் எடை குறைஞ்சிருச்சும்மா, பயமா இருக்கு என்று அழுதாய். அந்த போனில் அழுகிற தாய்மார்கள் எல்லாருமே என்னை அம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். பயப்படாதீங்கம்மா, டாக்டர் ரவுண்ட்ஸ் முடிச்சுட்டு வந்து பேசுவாங்க, நீங்க வெளியே உட்காருங்க என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் அது உன் குரல் என்று உறைத்தது. பெற்ற மகளை நீங்க என்றேன், வெளியே உட்காரச் சொன்னேன். திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. நான் உன் இடத்தில் இருந்தாலும் எடுத்திருக்க மாட்டேன்.

அங்கே உன் ஆஸ்பத்திரியில் பெட்டி பக்கத்தில் நாற்காலி போட இடமில்லாமல் தையல் போட்ட வயிற்றோடு நீ நின்றுகொண்டே இருக்கிறாய் என்று மாப்பிள்ளை அப்பாவிடம் சொன்னாராம். அதைக் கேட்டதிலிருந்து சோறு இறங்கவில்லை. இங்கே எங்கள் கட்டட இன்ஜினியர், டீ டம்ளரை வைப்பதற்கு முன்புகூட மேஜையை அளக்கிறவர், டேப் அண்ணன் என்று பெயர் வைத்திருக்கிறோம், வேலை தொடங்கும்போதே கேட்டார், மூலையில் ஒரு அறைக்குத்தான் இடம் இருக்கிறது, அது தாய்மார்கள் உட்காரவா உங்களுக்கா என்று. எனக்குத்தான் என்றேன். கை கழுவும் தொட்டி ஓரத்து மேஜையிலேயே என் காலம் போய்விட்டது, கதவு வைத்த அறை ஒன்று வேண்டும் என்று ஆசை. அவங்களுக்கு வராந்தா பழகிடுச்சு என்று வேறு சொன்னேன். அந்த வாயை என்ன செய்வது. இப்போது போய், அறையின் சுவரை எடுத்துவிட்டு நாற்காலி போடுங்கள் என்றேன். இன்னைக்குக் கட்டு நாளைக்கு இடின்னா நான் என்ன பொம்மை வீடா கட்டறேன் என்று கத்தினார், பிறகு அவரே அளந்து, சாய்ந்து படுக்கிற நாற்காலிகளே போடலாம் என்றார். இதைச் செய்ததால் உனக்குச் செய்தது சரியாகிவிடும் என்று நான் நினைக்கவில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். குழந்தைகளைப் புதுப் பக்கத்துக்கு மாற்ற எல்லாம் தயார் செய்கிற வேலை இருக்கிறது, நான் இல்லாமல் நடக்காது என்று சொல்லித்தான் உன் பிரசவத்துக்கு வராமல் இருந்தேன். அது பொய் குட்டிமா. எனக்கு அடுத்த நர்ஸ் என்னைவிடப் பதமாகவே செய்வாள். அவசரமாக வயிற்றைக் கிழிக்க வேண்டியிருக்கும் என்று நீ சொன்ன அன்றே எனக்குப் பயம் பிடித்துவிட்டது. இங்கே நான் நர்ஸ். அங்கே வந்தால் மெஷினில் ஓடுகிற எண்கள் எல்லாம் புரிந்தும் எதையும் தொடமுடியாமல் நிற்கிற பாட்டி. அதற்கு எனக்குத் தைரியம் இல்லை. நீ தைரியமாக இருந்தாய்.

திங்கட்கிழமை குழந்தைகளைப் புதுப் பக்கத்துக்கு மாற்றுகிறார்கள், அந்த நர்ஸே பார்த்துக்கொள்வாள். நான் சனிக்கிழமையே புறப்படுகிறேன். வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லி அனுப்பினாலும் வருவேன். அப்பா தானே சமைத்துக்கொள்வாராம், அடுப்பை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது. நீ நேரத்துக்குச் சாப்பிடு, தண்ணீர் குடி. பையனைத் தடவிக்கொடுக்காதே, இவ்வளவு சின்னக் குழந்தைக்கு அது தாங்காது, கையைச் சூடாக்கி அவன் தலைமேல் அசையாமல் வைத்திரு, அதுவே அவனுக்குப் போதும். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்கவேண்டும், அம்மாவின் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு.

ஒருவருக்கு மட்டுமே அனுமதி என்று அங்கேயும் பலகை மாட்டியிருப்பார்கள். எங்கள் கதவில் அதை மாட்டியவளே நான்தான். நீ உள்ளே இரு. நான் வெளியே உட்கார்ந்திருக்கிறேன்.

உன்
அம்மா