தேவகிக்கு, உன் உடம்பில் சேர்ந்த இரும்பைப் பற்றி

என் தேவகிக்கு,

மூச்சு வாங்காமல் நாலு படி ஏற முடிகிற ஓர் இடத்தில் நீ இருக்கிறாய் என்று வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். இதை ஊரும் படிக்கட்டும். நம் வீட்டைப் பற்றி ஊர் என்னென்னவோ பேசிவிட்டது, நான் பேசுவதையும் ஒருமுறை கேட்கட்டும்.

நீ போன பிறகு இங்கே யாரும் யாரையும் நம்பவில்லை. நான் உனக்குச் சோற்றில் கொஞ்சம் கொஞ்சமாக ஏதோ கலந்து கொடுத்துத் தீர்த்துவிட்டேன் என்று போலீசில் புகார் கொடுத்தது வேறு யாரும் இல்லை, உன் அண்ணன் தணிகாசலம்தான். ஆஸ்பத்திரி வாசலில் உன்னை வண்டியில் ஏற்றும்போது குறுக்கே வந்து நின்றார்.

"போஸ்ட்மார்ட்டம் பண்ணாம என் தங்கச்சிய இங்கேர்ந்து எடுக்க வுடமாட்டேன். செவப்பா அனுப்புன பொண்ணு. இப்போ பாரு, அடுப்புல வெச்ச சட்டி மாதிரி கீது மூஞ்சி. இன்னா குடுத்தே அவளுக்கு? சொல்லுடா, இன்னா குடுத்தே?"

அதுவரை அவர் என்னை 'டா' போட்டதே இல்லை. செய்யூரிலிருந்து ஒரு கடற்கரைக் குப்பத்துக்காரனை நம்பி நீ வந்ததை அவர் மறக்கவே இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

நான் தடுக்கவில்லை. ஏனென்றால் எனக்கும் சந்தேகம் இருந்தது. அவர் மாதாமாதம் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தாரே, ரத்தம் ஊறும், தேனில் குழைத்துத் தின்னு என்று, ஒரு நாட்டு மருந்துச் செந்தூரம்? எந்தச் சந்தையில், யாரிடம் வாங்கினார்? அதில் என்ன கிடந்தது? உன்னை அறுப்பார்கள் என்று தெரியும். ஆனாலும், "பண்ணுங்க, எனக்கும் தெரியணும்" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். நீ என்னை மன்னிப்பாயா என்று தெரியவில்லை.

உனக்கு என்ன நோய் என்று யாருக்காவது தெரிந்திருந்ததா? 'ரத்தம் பத்தல.' உனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து கேட்ட வார்த்தை இதுதான் என்று சொல்வாய். பள்ளிக்கூடத்தில் இரும்பு மாத்திரை. கல்யாணமானதும் டானிக். யமுனா வயிற்றில் இருந்தபோது மாத்திரை இரட்டிப்பாயிற்று, ஊசியும் போட்டார்கள். ஒவ்வொரு முறை விரலில் குத்திப் பார்த்தபோதும் அளவு ஏறவே இல்லை. அப்போது குத்திப் பார்த்த நர்சம்மா உன்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை.

"மாத்திரைய முழுங்குறியா, கொல்லையில வீசுறியா? உண்மையச் சொல்லு."

"சத்தியமா முழுங்குறேன் சிஸ்டர்" என்று நீ அழாத குறையாகச் சொன்னாய். வெளியே வந்து, "ஏன் மாமா, என் மூஞ்சியப் பாத்தா பொய் சொல்றவ மாதிரியா கீது?" என்று என்னைக் கேட்டாய்.

அதன் பிறகு நாங்கள் எல்லோரும் சேர்ந்து உனக்கு ரத்தம் ஊற வைக்கக் கிளம்பினோம். நான் இறால் குஞ்சு பொரிக்கும் கம்பெனியில் பம்பு வேலை முடிந்து வரும்போதெல்லாம் முருங்கைக்கீரை ஒடித்து வந்தேன். பேரீச்சம்பழம், வெல்லம், எள்ளுருண்டை எதையும் விடவில்லை. உன் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆட்டு ஈரலைத் தூக்குச்சட்டியில் வறுத்துக்கொண்டு பைக்கில் வந்துவிடுவார். "தங்கச்சி, ஒரு துண்டு கூட மிச்சம் வெக்காத" என்று எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். நீயும் முகம் சுளித்துக்கொண்டே தின்பாய்.

பிறகுதான் நீ கறுக்க ஆரம்பித்தாய். வெயில் கறுப்பு இல்லை அது. சாம்பல் பூசின மாதிரி ஒரு நிறம். நாற்பது வயது ஆகுமுன்னே மாதத் தூரம் நின்றுபோயிற்று. சர்க்கரை வந்தது. விரல் மூட்டெல்லாம் வலி. கல்லீரல் கெட்டிருக்கிறது என்று ஸ்கேனில் பார்த்துவிட்டு ஒரு டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்க வீட்டம்மாவுக்குக் குடிப்பழக்கம் உண்டா?" என்று கேட்டார். உன்னிடம் வந்து சொன்னபோது நீ சிரித்தாய். அதுதான் நீ நன்றாகச் சிரித்த கடைசிச் சிரிப்பு. கொஞ்ச நாளில் கால் வீங்கியது, படுத்தால் மூச்சு முட்டியது. இதயம் பலவீனம் என்றார்கள். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் ஒரு விடியற்காலை அது நின்றே போயிற்று.

நீ போனபின் நான் எதைத்தான் சந்தேகப்படவில்லை? நம் போர்வெல் தண்ணீர் குடத்தில் செம்மண் நிறமாகப் படியுமே, அதைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டுபோய்ப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். துணிக்குத்தான் கறை பிடிக்கும், ஆளைக் கொல்லாது என்று சொல்லி அனுப்பினார்கள். அதையும் நான் நம்பவில்லை. அக்கம்பக்கத்தில் என்னைப் பார்த்ததும் பேச்சு நிற்கும். டீக்கடைக்காரன் கிளாசை என் கையில் தராமல் மேசையில் வைத்துவிட்டுப் போவான். போலீஸ்காரர்கள் வந்து நம் சமையல்கட்டு டப்பாக்களைத் திறந்து திறந்து மோந்து பார்த்தார்கள். யமுனா கதவோரம் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் போனதும், "அப்பா, மாமா சொல்றது நெஜமா?" என்று கேட்டாள். உன் வயிற்றில் பிறந்த குழந்தை, தேவகி. பதினாலு வயதுப் பெண்.  "இல்லம்மா" என்றேன். அவள் தலையாட்டினாள். ஆனால் அன்றைக்கு ராத்திரி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை.

சில மாதம் கழித்து என்னையும் உன் அண்ணனையும் போஸ்ட்மார்ட்டம் செய்த ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டனுப்பினார்கள். ஒரு டாக்டரம்மா இருந்தார். உன் உடம்பில் விஷம் எதுவும் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார். நான் மூச்சு விட்டேன். உன் அண்ணன் விடவில்லை.

"விஷம் இல்லன்னா, அப்புறம் எப்பிடிம்மா செத்தா?"

டாக்டரம்மா எங்களை மைக்ராஸ்கோப்பில் குனிந்து பார்க்கச் சொன்னார். உன் கல்லீரலில் மெல்லிசாகச் சீவின ஒரு துண்டு, சாயம் ஏற்றி வைத்திருந்தார்கள். எங்கே பார்த்தாலும் நீலம். மை கொட்டினது போல நீலப் புள்ளிகள்.

"இந்த நீலம் எல்லாம் இரும்பு. இதயத்திலயும் இப்படித்தான் இருக்கு. கணையத்திலயும்."

"இரும்பா? யாரு போட்டது?" என்று உன் அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"உன் செந்தூரந்தான்!" என்று நான் கத்தினேன்.

"நீ ஊத்துன டானிக்குடா!"

டாக்டரம்மா மேசையைத் தட்டினார். "ரெண்டு பேரும் உக்காருங்க. இவங்க அப்பா அம்மா சொந்தத்துல கல்யாணம் பண்ணவங்களா?"

"மாமன் பொண்ணு, அத்த புள்ள. அதுக்கு இன்னா இப்போ?" என்றார் உன் அண்ணன்.

அவர் பொறுமையாகச் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் உனக்குச் சொல்கிறேன். உனக்குப் பிறவியிலேயே ரத்தத்தில் ஒரு குறை. அப்பாவிடமிருந்து ஒரு பாதி, அம்மாவிடமிருந்து ஒரு பாதி. அவர்கள் இரண்டு பேருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது, பாதி மட்டும் இருந்தால் ஒன்றும் செய்யாதாம். உனக்கு இரண்டு பாதியும் சேர்ந்துவிட்டது. உன் சிவப்பணுக்கள் சீக்கிரம் உடைந்துவிடும். அதனால்தான் சோகை. இரும்பு குறைந்ததால் வந்த சோகை இல்லை அது. ஆனால் உடம்புக்கு அது தெரியாதே? ரத்தம் பத்தவில்லை என்று நினைத்துச் சோற்றில் இருக்கிற இரும்பையெல்லாம் வேண்டிய அளவுக்கு மேல் இழுத்து உள்ளே வைத்துக்கொண்டே இருந்திருக்கிறது. நாங்கள் வேறு மேலே மேலே கொட்டினோம்.

"மிச்சம் ஒண்ணுக்குல போயிடாதா?" என்று கேட்டேன்.

"போகாது. உள்ள வந்த இரும்பைத் தானா வெளிய தள்ள உடம்புக்கு வழி இல்லை. ஒரு அளவு வரைக்கும் பத்திரமாப் பூட்டி வெச்சிக்கும். அந்த அளவு தாண்டிட்டா இரும்பு அவிழ்ந்து திரியும். அப்படித் திரியற இரும்பு நம்ம ஆக்சிஜனையே மூர்க்கமா ஆக்கிடும். அது பக்கத்துல இருக்கிற செல்லு சுவரு, புரதம் எதையும் விட்டு வெக்காது. கல்லீரல் தழும்பாகும். கணையம் கெட்டு சர்க்கரை வரும். இதயம் துவண்டு போகும். தோல் கறுக்கறதும் இதனாலதான்."

"துருப் பிடிக்கிற மாதிரியா டாக்டர்?" உப்புக்காற்றில் பம்பு கழட்டி மாட்டுகிறவனுக்கு வேறு என்ன தோன்றும்?

"அப்படியும் சொல்லலாம். ஆனா துருப் பிடிச்சா இரும்புதான் கெடும். இங்க இரும்பு சுத்தி இருக்கிறதைக் கெடுக்குது."

எனக்கு அப்போதும் நம்பிக்கை வரவில்லை. ஒரு டாக்டர் இன்னொரு டாக்டரைக் காப்பாற்றத்தான் இப்படிக் கதை சொல்கிறார் என்று பட்டது. "இத்தினி வருஷமா எத்தினி பேரு குத்திப் பாத்தாங்க. ஒருத்தருக்குக் கூடவா தெரியல?" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "தெரிஞ்சிருக்கணும். மாத்திரை குடுத்தும் ஏறலன்னா ஏன்னு கேட்டு, ரத்தத்துல இரும்பு எவ்வளவு சேர்ந்திருக்குன்னு ஒரு டெஸ்ட் எடுத்திருக்கணும். எடுத்திருந்தா, அந்த இரும்பைப் பிடிச்சு வெளிய கொண்டுபோற மருந்து இருக்கு" என்றார்.

அந்த வார்த்தைக்குப் பிறகுதான் நான் அவரை நம்பினேன். நம்பியதும் நெஞ்சு இன்னும் எரிந்தது. மருந்து இருக்கிறதாம், தேவகி.

கிளம்பும்போது அவர் என்னைக் கேட்டார்: "பொண்ணு இருக்கா உங்களுக்கு?" இருக்கிறாள் என்றேன். யமுனாவுக்கு உன் பாதி கட்டாயம் இருக்குமாம், அதில் சந்தேகமே இல்லையாம். தெரிய வேண்டியது ஒன்றுதான். என்னிடமும் அப்படி ஒரு பாதி இருந்து, அதையும் நான் அவளுக்குக் கொடுத்திருக்கிறேனா? ஊரையெல்லாம் சந்தேகப்பட்டவன் கடைசியில் என் ரத்தத்தையே சந்தேகப்படும்படி ஆயிற்று. "உங்களுக்கும் டெஸ்ட் எடுக்கணும், உங்களுக்கும்தான்" என்று உன் அண்ணனையும் காட்டினார்.

"எங்க வம்சத்து ரத்தத்துல கொற கீதுன்னு எழுதி வாங்கப் பாக்குறீங்களா?" என்று அவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

டெஸ்ட் எடுக்கும் வரை நான் பைத்தியக்காரனாக இருந்தேன். பள்ளிக்கூடத்தில் வாராவாரம் கொடுக்கிற இரும்பு மாத்திரையை யமுனாவுக்குக் கொடுக்க வேண்டாம் என்று டீச்சரிடம் போய் நின்றேன். "எல்லா அப்பாவும் குடுங்கன்னு கேப்பாங்க, நீங்க வேணாங்கிறீங்களே?" என்று அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வையின் அர்த்தம் எனக்குத் தெரியும். அவளுடைய சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்ப்பேன். கீரை கண்ணில் பட்டால் எடுத்துவிடுவேன். "வெறும் சோறுதான் துன்னணுமா நானு? அம்மா போனதும் உனக்கு இன்னா ஆச்சுப்பா?" என்று டப்பாவைத் தள்ளிவிட்டு அழுதாள்.

அப்புறம் ஒரு நாள் கம்பெனி கேட்டுக்கு வெளியே உன் அண்ணன் பைக்கில் உட்கார்ந்திருந்தார். இறங்கவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை.

"பாப்பாவுக்கு என்னிக்கு ரத்தம் எடுக்குற?"

"திங்கக்கிழம."

"நானும் வரேன். அந்த டாக்டரம்மா பொய் சொல்லுதுன்னு காட்டுறேன் பாரு."

சொன்னபடி வந்தார். ஒரே இடத்தை நம்ப மாட்டேன் என்று இரண்டு லேபில் கையை நீட்டினார். மூன்று பேரும் பஸ்ஸில் போனோம், வந்தோம்.  யமுனா நடுவில் உட்கார்ந்துகொண்டு ஒரு முறை அவரைப் பார்ப்பாள், ஒரு முறை என்னைப் பார்ப்பாள்.

முடிவு வந்தது. என் ரத்தத்தில் அந்தக் குறை இல்லை. யமுனாவுக்கு உன் பாதி மட்டும்தான். அவளுக்கு ஒன்றும் ஆகாது, எல்லாரையும் போலச் சாப்பிடலாம், இரும்பு மாத்திரை மட்டும் ரத்தத்தில் இரும்பு அளவைப் பார்க்காமல் கொடுக்காதீர்கள் என்றார் டாக்டரம்மா. "அப்போ கீரை?" என்று யமுனா கேட்டாள். "தாராளமா." அவள் என்னைத் திரும்பி முறைத்தாள் பார், அப்படியே நீ.

உன் அண்ணனுக்கும் பாதி இருக்கிறது. இரண்டு லேபிலும் அதையேதான் சொன்னார்கள். பஸ் ஸ்டாண்டு எதிரே டீக்கடையில் உட்கார்ந்தோம். அவர் டீயைத் தொடவில்லை.

"நான் தப்பிச்சிட்டேன், அவ மாட்டிக்கினா. ஒரே வயித்துலதான பொறந்தோம்?" என்றார். பிறகு, "வாராவாரம் ஈரல் கொண்டாந்தனே மாப்ள. வேணாம் அண்ணேன்னு சொல்லுவா. துன்னு துன்னுன்னு... என் கையாலயே ஊட்டினேனே" என்று தலையில் அடித்துக்கொண்டார். கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யமுனாதான் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

 "கீரை ஒடிச்சினு வந்தது நானு, மச்சான்" என்று மட்டும் சொன்னேன். டீயை அவர் பக்கம் தள்ளினேன்.

மறுநாள் ஸ்டேஷனுக்குப் போய்ப் புகாரை முடித்துக்கொள்ளச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டார். இப்போது செய்யூர்ப் பக்கம் தன் சொந்தக்காரர் வீடுகளுக்கெல்லாம் அவரே போய், டெஸ்ட் எடுங்கள் என்று சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார். பாதிப் பேர் அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்கிறார்கள்.

எனக்கும் நல்ல பேர் இல்லை. எங்கள் கம்பெனியில் புதிதாக வந்த ஒரு பெண், வெளுத்துப்போய், டானிக் குடித்தும் ரத்தம் ஏறவில்லை என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். போய் விவரம் கேட்டேன். சாயங்காலம் அவள் புருஷன் கேட்டுக்கு வந்துவிட்டான். "என் பொஞ்சாதி ரத்தத்தப் பத்தி உனுக்கு இன்னாய்யா அக்கறை?" என்று சட்டையைப் பிடித்தான். பிடித்த கையை நான் எடுக்கவில்லை. "என்னை எவ்ளோ வேணா சந்தேகப்படு தம்பி. அந்த டானிக்கையும் கொஞ்சம் சந்தேகப்படு" என்றேன். உன் கதையைச் சொன்னேன். எங்கேயோ நடுவில் அவன் கை தானாக விட்டது. போன வாரம் அவளை டெஸ்டுக்குக் கூட்டிப்போயிருக்கிறான். முடிவு இன்னும் வரவில்லை.

உனக்கு ஒரு வார்த்தை கொடுக்கிறேன், தேவகி. யமுனா யாரைக் கட்டினாலும், அவன் எந்த ஊர், எந்த சாதி, மாமன் மகனா, அசலா என்று நான் கேட்க மாட்டேன். அவன் ரத்தத்தில் அந்தப் பாதி இருக்கிறதா என்று மட்டும் கேட்பேன். முகம் சுளித்தாலும் கேட்பேன். உன் பேத்தியை ஒருத்தி, மாத்திரையை முழுங்கினாயா, வீசினாயா என்று கேட்கிற நாள் வராது.

உன்மேல் ஒரு நாளும் சந்தேகப்படாத,
யமுனாவின் அப்பா,
உன் ஏழுமலை மாமா