குண்டன் கம்பியைக் கடித்தால்

குட்டிம்மா,

நீ பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது நான் வேலையில் இருப்பேன். சாப்பாடு அடுப்பின் மேல் மூடியிருக்கிறது. அடுப்பைப் பற்றவைக்காதே, அப்படியே சாப்பிடு.

குண்டன் உன்னைப் பார்த்ததும் கூண்டுக் கம்பியைக் கடிப்பான். அப்போது விதை கொடுக்காதே. கொடுத்தால், கடித்தால்தான் தீனி கிடைக்கும் என்று நினைத்துக்கொள்வான். ஹாம்ஸ்டர் எலிக்கு அவ்வளவு புத்தி உண்டு. அவன் ஓய்ந்த பிறகு நாலு சூரியகாந்தி விதையைக் காகிதத் துண்டுகளுக்கு அடியில் ஒளித்து வை, தோண்டித் தேடட்டும். கடிக்க ஒரு மரக்குச்சி போட்டிருக்கிறேன். கூண்டும் அவனுக்குப் போதவில்லை. சனிக்கிழமை பெரிய கண்ணாடித் தொட்டி வாங்கப் போவோம்.

நேற்று, "நீ செல்லம் குடுத்துதான் அவன் கெட்டுப்போனான்" என்று கத்தினேன். "நான் குடுக்கவே இல்லப்பா, அம்மா இருந்தா நம்பியிருப்பா" என்று அழுதாய். நீ சொன்னது நிஜம். கொடுத்தது நான். அம்மா போன பிறகு ஒரு மாதம் லீவில் இருந்தேனே, அப்போது. நீ கிளம்பியதும் கடிக்க ஆரம்பிப்பான். சத்தம் தாங்காமல் ஒவ்வொரு தடவையும் ஒரு விதை நீட்டுவேன். நேற்றே சொல்லியிருக்க வேண்டும்.

அப்பா

பி.கு.: அவன் தண்ணீரை மாற்றிவிட்டேன்.

இன்னொன்று. சத்தம் தாங்காமல் என்று எழுதியது சரியில்லை. நீ திரும்பி வரும்வரை வீட்டில் வேறு சத்தமே இருக்காது. அவன் நிறுத்திவிடக் கூடாது என்றுதான் கொடுத்தேன்.