ஞாயிற்றுக்கிழமை எடுத்த படம்

அன்புத் தம்பி ஜஸ்டினுக்கு,

அக்கா அன்புமொழி எழுதுவது. மாதா தயவில் இங்கே எல்லோரும் சுகம். பெங்களூரில் நீயும் சுகமாக இருக்கச் செபிக்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் இந்தப் பேச்சை எடுத்தாலே உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

உன் மச்சான் பெலிக்ஸுக்கு முட்டிவலி கொஞ்சம் தேவலை. கடலுக்குப் போகாதீர்கள் என்றால் கேட்பதில்லை. சின்னவள் பிளஸ் டூ பரீட்சைக்குப் படிக்கிறாள், அல்லது படிப்பதுபோல் போனைப் பார்க்கிறாள்.

பக்கத்து ஊர் அலையாத்திக் காட்டில் படகுச் சவாரி விடுகிறார்களே, லீவு நாளில் அங்கே கால் வைக்க இடமில்லை. மெயின்ரோடு வரை கார்கள். போன மாதம் ஒரு பிரசவ கேஸை ஏற்றி வந்த ஆம்புலன்ஸ் நடுவில் மாட்டிக்கொண்டது. அந்தக் கூட்டத்தைப் பிரிக்க ஏதோ கம்பெனி கம்ப்யூட்டரில் வரைபடம் போட்டிருக்கிறது. பாதிப் பேரை நம் ஊர்க் கடற்கரைக்குத் திருப்புவார்களாம். அதில் நான் குற்றம் சொல்லமாட்டேன், அந்தக் காடும் மூச்சுவிட வேண்டாமா? ஆனால் கார் நிறுத்த அவர்கள் குறித்திருக்கும் இடம் நாங்கள் கருவாடு காய வைக்கும் மணல். அது போனால் இங்கே பாதி வீட்டில் உலை கொதிக்காது.

கம்பெனிக்காரர்கள் ஊரைக் கூட்டி, பள்ளிக்கூடச் சுவரில் அந்த வரைபடத்தைக் காட்டினார்கள். எங்கள் மணலில் ‘காலி இடம்’ என்று போட்டிருந்தது. மேலத்தெரு அழகிக்குக் கோபம் வந்துவிட்டது. எங்க பொழப்பு ஒங்களுக்குக் காலியாத் தெரியுதா என்று கேட்டாள். கம்பெனி ஆள் சந்தோஷ்குமார், ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் ட்ரோன் விட்டுப் பாத்தோம்ங்க, அங்கிட்டு ஒரு ஆளக்கூட காணோம் என்றார். கூட்டத்தை எண்ண வந்தவர்களுக்கு ஞாயிறுதான் தோதாம். நாமோ ஞாயிற்றுக்கிழமை படகே இறக்குவதில்லை. சனிக்கிழமை பொழுது சாயும் முன்பே கருவாட்டை அள்ளிவிடுகிறோம். வெறும் மணல்தானே தெரியும்? இதைச் சொன்னதற்குத் தலையை ஆட்டினார். எதற்கு ஆட்டினார் என்றுதான் தெரியவில்லை.

திரும்பி வரும்போது அழகி என்னை மறித்துக்கொண்டாள். ஒந்தம்பியும் இந்தப் படம் போடுற வேலதானே பாக்குறான் என்றாள். எனக்கு ரத்தம் கொதித்தது. கூட வந்த பெண்களையும் அழைத்துக்கொண்டு நேரே கோயிலுக்குப் போய், மாதா முன்னால், என் தம்பிக்கு இதில் பங்கில்லை என்று சத்தியம் செய்தேன். எல்லோரும் நம்பினார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு, சின்னவள் போனில் எடுத்து வைத்திருந்த அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நம் கொல்லையில் கிளம்பி, கருவேலங்காட்டுக்குள் வளைந்து, மணலுக்குப் போகும் ஒரு மஞ்சள் கோடு. நடைபாதையாம். மறைக்கல்வி வகுப்புக்கு மட்டம் போட நீயும் நானும் முள்ளை ஒதுக்கிப் போட்ட வழி அது, ஜஸ்டின். மூடிப்போய் எத்தனையோ வருடம் ஆகிறது. இப்போது உன் மச்சானுக்கே தெரியாது. மேலே பறக்கிற ட்ரோனுக்கு யார் சொன்னது? ஞாயிற்றுக்கிழமை அங்கே ஆள் இருக்காது என்பதும் உனக்குத் தெரியாத சங்கதியா?

ஒருவேளை யாரோ கேட்டு, நீ விளையாட்டாகச் சொல்லியிருப்பாய். என் சந்தேக புத்தி என்று நீ சிரிக்கலாம். சிரித்துவிட்டால் எனக்குச் சந்தோஷம்தான். சின்னவளுக்குத் தெரியாமல் அந்தப் படத்தை அவள் போனிலிருந்து அழித்துவிட்டேன். திங்கட்கிழமை பெண்கள் எல்லோரும் புதுக்கோட்டைக்குப் போய்க் கலெக்டரைப் பார்க்கிறோம். முன்னால் நின்று பேச என்னைத்தான் சொல்லியிருக்கிறார்கள். என்னால் அழகி முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அதற்குள் ஒரு வேலைநாளில் வா. நாங்கள் வெயிலில் குனிந்து மீனைத் திருப்பிப் போடுவதைப் பார்த்து, அதையும் படம் எடு. உனக்கு இதில் பங்கில்லை என்றால் என் முகத்தைப் பார்த்துச் சொல். நீதான் என்றால் சொல்லாதே, தம்பி. படத்தை மட்டும் மாற்றிக் கொடுத்துவிடு.

பொய்ச் சத்தியத்துக்கு மாதா என்னைக் கேட்கட்டும். உன்னைக் கேட்க வேண்டாம்.

உன் அக்கா,
அன்புமொழி