சம்பந்தியம்மா சொன்னதும் நீ சொன்னதும்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான், அப்பா, உன் தம்பி மூவரும் நலம். நீ நலமா என்று கேட்பதுதான் முறை, ஆனால் கேட்டால் நல்லா இருக்கேன்மா என்றுதான் சொல்வாய், அதனால் இந்தத் தடவை கேட்கவில்லை. ஞாயிறுதோறும் வீடியோவில் முகம் பார்த்துப் பேசுகிறோமே, இப்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். ஃபோனில் சொன்னால் நடுவில் புகுந்து பேச்சை மாற்றிவிடுவாய். கடிதத்தில் அந்த வசதி உனக்கு இல்லை, கடைசிவரை படித்தே ஆக வேண்டும்.

முதலில் என் திருட்டுத்தனத்தை ஒப்புக்கொள்கிறேன். ஒன்பது மாதமாக முட்டி வலிக்குப் பயிற்சி எடுக்கப் போகிறேன் என்று உங்கள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன் அல்லவா, ஒரு பயிற்சியும் எடுக்கவில்லை. மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேலே மாடியில் மொழி வகுப்பு நடக்கிறது, அங்கே கொரிய மொழி படித்தேன். இருபத்தெட்டுப் படி, வாரத்துக்கு மூன்று நாள் ஏறி இறங்கியதில் முட்டி முன்பைவிட மோசம். இந்த வயதில் இது எதற்கு என்றால், உன் மாமியாரோடு நேராக நாலு வார்த்தை பேச வேண்டும் என்று ஒரு ஆசை, அவ்வளவுதான். கல்யாணமாகி மூன்று வருடமாகிறது, அவர் சொல்வதை நீ எனக்குச் சொல்கிறாய், நான் சொல்வதை நீ அவருக்குச் சொல்கிறாய், சம்பந்திகள் நாங்கள் இரண்டு பேரும் ஸ்க்ரீனைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். வகுப்பில் பதினோரு பேர். அதில் எட்டுப் பெண்கள் டிவி தொடர் பார்த்தே பாதி மொழியைக் கற்றுக்கொண்டு வந்தவர்கள், காதலிக்கவும் கோபித்துக்கொள்ளவும் தெரியும், பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கத் தெரியாது. ஒரு வெல்டர் இருக்கிறார், நாற்பது வயது, கப்பல் கட்டும் இடத்துக்கு வேலைக்குப் போகப் பரீட்சையில் தேற வேண்டும், மூன்றாவது தடவையாக எழுதுகிறார். டீச்சர் உன்னைவிடச் சின்னவள், என்னை ஆன்ட்டி என்பாள். வீட்டில் பேசிப் பழக ஆள் இல்லாமல் ஒரு நாள் அப்பாவிடமே கொரிய மொழியில் தண்ணீர் கேட்டேன். என்னமோ சொல்றியே என்று டிவி சத்தத்தைக் குறைத்தார். முப்பது வருடம் தமிழில் கேட்டும் குறைக்காத மனிதர்.

பிறகு பரீட்சை வைத்தார்கள். மொத்தம் ஆறு நிலையாம், முதல் இரண்டு ஆரம்பம், மூன்றும் நாலும் இடைநிலை, அதற்கு மேலே போனவர்களை நான் பார்த்ததில்லை. எனக்கு மூன்றாம் நிலை கிடைத்தது. முப்பத்தொரு வருடம் லேபில் உட்கார்ந்து ஊரார் ரத்தத்தைக் குறைவு, சரி, அதிகம் என்று எழுதிக் கொடுத்தவளுக்கு இப்போது யாரோ ரிப்போர்ட் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கூடவே ஒரு தாள், இந்த நிலையில் இருப்பவருக்கு என்னென்ன முடியும் என்று. அன்றாட வாழ்க்கையைப் பெரிய சிரமம் இல்லாமல் நடத்துவாராம், தபால் ஆபீஸ், வங்கி போன்ற இடங்களில் காரியம் முடித்து வருவாராம், பழக்கமான விஷயங்களைப் பத்தி பத்தியாகப் பேசுவாராம், உறவுகளைப் பேணுவாராம். அடேயப்பா, தமிழிலேயே இவ்வளவும் செய்ய முடியாதவர்கள் நம் வீட்டில் மூன்று பேர் தேறுவார்கள், உறவைப் பேணுவதில் உன் பெரியப்பாவுக்கு முதல் நிலைகூடக் கிடைக்காது. மனசுக்குள் இருப்பதைப் பேசுவதெல்லாம் இன்னும் மேலே போனால்தான் வரும் ஆன்ட்டி என்றாள் டீச்சர். வெல்டர் வேறு மாதிரி சொன்னார். இடைநிலைன்னா வேற ஒண்ணும் இல்லக்கா, திட்டறாங்கன்னு புரியும், எதுக்குத் திட்டறாங்கன்னுதான் புரியாது என்றார். தாளில் இருந்ததைவிட அதுதான் சரியாக இருந்தது.

ரிசல்ட் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை உங்கள் இரண்டு பேரையும் அசத்திவிடலாம் என்று சம்பந்தியம்மாவிடம் சொல்ல ஒரு பத்தி தயார் செய்து மனப்பாடமாக வைத்திருந்தேன். உங்கள் மகனை நல்லபடியாக வளர்த்திருக்கிறீர்கள், என் மகளை உங்கள் மகளைப் போலப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்றெல்லாம். வாயைத் திறக்கப் போனேன், அதற்குள் அவர் பேச ஆரம்பித்துவிட்டார். வழக்கத்தைவிட மெதுவாக, கேமராவை நேராகப் பார்த்துப் பேசினார். ஆஸ்பத்திரி என்றார். குழந்தை என்றார். சாப்பிடுவதே இல்லை என்றார். ரத்தம் ஏழு என்றார். கடைசியாக உன் பக்கம் திரும்பி, இதை உன் அம்மாவிடம் சொல் என்றார். நீ என்னைப் பார்த்து, இங்க குளிர் ஏழு டிகிரி ஆயிடுச்சாம்மா, உன்னை முட்டியைப் பார்த்துக்கச் சொல்றாங்க என்றாய். அடிப்பாவி, எவ்வளவு சரளமாகச் சொன்னாய். நான் என்ன செய்தேன் தெரியுமா, சிரித்தேன். வழக்கமாகச் செய்வது போல் பல்லெல்லாம் தெரியச் சிரித்துத் தலையாட்டினேன். வேறு என்ன செய்வது என்று அந்த நேரத்தில் எனக்குத் தெரியவில்லை.

ஏழு என்றால் என்னவென்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஹீமோகுளோபின் ஏழு வந்தால் ரிப்போர்ட் போகட்டும் என்று காத்திருக்க மாட்டேன், நானே டாக்டருக்கு ஃபோன் போடுவேன். ஆனால் நான் மூன்றாம் நிலைதானே, பாதி புரிந்து பாதியை நானாக இட்டுக் கட்டியிருக்கலாமே என்று ஒரு நப்பாசை. காதில் விழுந்ததையெல்லாம் பேப்பர் ஓரத்தில் கிறுக்கி, செவ்வாய்க்கிழமை டீச்சரிடம் காட்டினேன். தொடரில் வந்த வசனம், புரியவில்லை என்று பொய் சொன்னேன். அவள் உற்சாகமாக ஒவ்வொரு வரியாக விளக்கினாள். மூன்றாம் மாதம் கரு கலைந்துவிட்டது, நான்கு நாள் ஆஸ்பத்திரி, ரத்தம் நிறையப் போய்விட்டது, அந்தப் பெண் தன் அம்மாவிடம் சொல்ல மறுக்கிறாள். இது எந்தத் தொடர் ஆன்ட்டி, அடுத்து என்ன ஆகுதுன்னு சொல்லுங்க என்றாள். இன்னும் வரவில்லை என்று சொல்லிவிட்டுப் படியில் உட்கார்ந்து அழுதேன். வெல்டர் முட்டி வலி என்று நினைத்துத் தைலம் வாங்கி வந்தார்.

நீயாகச் சொல்வாய் என்று இரண்டு ஞாயிறு காத்திருந்தேன். நீ குளிரைச் சொன்னாய், மாப்பிள்ளையின் புது ஷூவைச் சொன்னாய். உதடு வெளுத்திருக்கே என்றதற்குக் கேமராவைக் குறை சொன்னாய். சம்பந்தியம்மா அந்த இரண்டு வாரமும் என் முகத்தையே பார்க்கவில்லை. மகளுக்கு இப்படி ஆகிவிட்டது என்று சொன்னால் பல்லைக் காட்டும் தாயை யார்தான் பார்ப்பார்கள்? அதனால் நேற்று, புதன்கிழமை, நீ ஆபீசில் இருக்கும் நேரம் பார்த்து அவருக்கே ஃபோன் போட்டேன். கொரிய மொழியில் ஒரு விஷயத்துக்கு விளக்கம் கேட்கும் பாடம் எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான், பழுதான கெட்டிலைக் கடையில் கொண்டுபோய்க் கொடுப்பது. பதற்றத்தில் அதையே ஒப்பித்தேன். தொந்தரவுக்கு மன்னிக்கவும், போன மாதம் பிரச்சினை ஏற்பட்டதாகத் தெரிகிறது, எனக்கு யாரும் தெரிவிக்கவில்லை, என்ன நடந்தது என்று தயவுசெய்து விளக்க முடியுமா, ரசீது என்னிடம் இருக்கிறது. கடைசி வரி தானாக வந்துவிட்டது, என்ன செய்ய.

சம்பந்தியம்மா, நாங்கள் பேசுவது உங்களுக்குப் புரியுமா என்று கேட்டார். கொஞ்சம் என்றேன். அப்படியென்றால் அன்று ஏன் சிரித்தீர்கள் என்று கேட்டார். மன்னிக்கவும், மன்னிக்கவும் என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். நான் திணறுவதைக் கேட்டு அவரே புரிந்துகொண்டு, சின்னச் சின்ன வாக்கியமாக எல்லாவற்றையும் சொன்னார். நீ ஏன் மறைக்கிறாய் என்பதையும் சொன்னார். நீ அவரிடம், என் அம்மா ஒவ்வொரு வாரமும் விசேஷம் உண்டா என்று கேட்பாள், மூன்று மாதம் முடியட்டும், சொல்லிச் சந்தோஷப்படுத்தலாம் என்று இருந்தேன், இப்போது எந்த வாயால் சொல்வது என்று அழுதாயாம். அந்த வாக்கியம் எனக்கு ஒரு எழுத்து விடாமல் புரிந்தது. இடைநிலை என்று சொல்லிப் புரியாத மாதிரி இருக்க முடியவில்லை. சாகும்வரை என் மேலேயே எனக்குக் கோபம் இருக்கும்.

ஃபோனை வைத்ததும் அப்பா வந்து, யாரு, என்னவாம் என்று கேட்டார். சம்பந்தியம்மா, அங்க மழையாம் என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. உனக்கு இந்தத் திறமை எங்கிருந்து வந்தது என்று இனி யாரையும் கேட்க வேண்டியதில்லை. அந்தத் தாளில் போட்டிருப்பதை வைத்துப் பார்த்தால், தமிழில் நீயும் நானும் எந்த நிலை? சாப்பிட்டாயா, தூங்கினாயா, அங்கே மழையா, இதெல்லாம் சிரமம் இல்லாமல் பேசுவோம். அதற்கு மேலே ஒரு படி ஏறச் சொன்னால் இரண்டு பேருக்கும் வாய் வராது. பெற்று வளர்த்து முப்பது வருடமாகியும் நாம் அந்தப் பரீட்சையை எழுதவே இல்லை.

இந்தக் கடிதம் கைக்குக் கிடைத்தபின் வரும் ஞாயிறு சம்பந்தியம்மா வீட்டில் இருக்க மாட்டார், தங்கை வீட்டுக்குப் போகிறார், பேசி வைத்துவிட்டோம். அப்பாவையும் உன் தம்பியையும் நான் வெளியே அனுப்பிவிடுவேன், அப்பாவிடம் எப்போது சொல்வது என்று பிறகு யோசிக்கலாம். நீயும் நானும் மட்டும். மெதுவாகச் சொல், தப்புத் தப்பாகச் சொல், பாதியில் நிறுத்து, அழு, நான் மதிப்பெண் போடப் போவதில்லை. நான் அங்கே வர வேண்டும் என்று தோன்றினால் அதையும் சொல், பாஸ்போர்ட் எடுத்து வைத்துவிட்டேன்.

இரும்புச் சத்து மாத்திரையை டீ, காபி குடித்த கையோடு போடாதே, உடம்பில் ஒட்டாது, எலுமிச்சைச் சாறோடு போடு. அடுத்த ரிப்போர்ட்டைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு, அதைப் படிக்க எனக்கு எந்த வகுப்பும் தேவையில்லை. மாப்பிள்ளையிடமும் பேசு, அவருக்கும் அது குழந்தைதான். நீ உடம்பு தேறி, மனசு தேறி, பல்லாண்டு நன்றாக இருக்க வேண்டும் கண்ணு. விசேஷம் உண்டா என்று இனி ஒரு நாளும் உன்னைக் கேட்க மாட்டேன்.

ஞாயிறு காலையிலிருந்தே ஃபோன் பக்கத்தில் இருக்கும்
உன் அம்மா