திருத்தத் திருத்த நடுங்கும் கார்

அல்பெர்கேரியா, பலேர்மோ
வியாழக்கிழமை

அன்பு மகன் கொன்ஸ்ரன்ரைனுக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. மாதாவின் தயவால் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், கார் மட்டும் சுகமில்லை. நீ அந்தக் குளிரில் தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் மன்றாடுகிறேன். வாட்ஸ்அப் இருக்க இந்த அம்மா ஏன் கடிதம் எழுதுகிறா என்று நினைப்பாய். என் போனுக்குச் சார்ஜ் போடுவது அப்பா, அதில் வருவதையும் போவதையும் எனக்கு முதல் வாசிப்பதும் அப்பா. இது அவர் வாசிக்கக் கூடாத விஷயம், அதனால்தான் பேர்மிங்ஹாம் வருகிற றோபேட்டின் பையில் மிளகாய்த்தூளுக்கும் பருத்தித்துறை வடைக்கும் நடுவில் வைத்து அனுப்புகிறேன். வடையை அவன் வழியில் சாப்பிட்டிருந்தால் ஒன்றும் சொல்லாதே, கடிதம் வந்தால் போதும்.

போன உயிர்த்த ஞாயிறிலிருந்து நீயும் அப்பாவும் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. பூசை முடிந்து கோயில் முற்றத்தில் அத்தனை பேர் நிற்க, கராஜில் வேலை செய்கிற பிள்ளை என்ற தடிப்பில், இது கார் இல்லை தகரம், அம்மாவை இதிலை ஏத்தாதேங்கோ என்று நீ சொன்னாய். அப்ப நீயும் ஏறாதை என்று அவர் சொன்னார். நீ பஸ் பிடித்து விமான நிலையம் போனாய். நடந்தது அவ்வளவுதான், அதற்கு இத்தனை மாதமா. நீ போன் எடுத்தால் அவர் அதை என்னிடம் நீட்டிவிட்டு யன்னலைப் பார்க்கிறார், நீயும் அப்பா எங்கை என்று கேட்பதில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் நான் படுகிற பாடு எனக்குத்தான் தெரியும், சில நாள் இரண்டு பேரையும் பிடித்து அடிக்க வேண்டும் போல இருக்கிறது.

சரி, காருக்கு வருகிறேன். கோடையில் ஒரு நாள் மொண்டெல்லோவில் சினியோரா வீட்டுக்கு என்னை வேலைக்கு ஏற்றிப் போகும்போது, சிக்னலில் நின்ற கார் குலுங்கத் தொடங்கியது. என் மடியில் இருந்த சாப்பாட்டுப் பெட்டி மூடி கழன்று விழுகிற அளவுக்குக் குலுக்கம். பச்சை விழுந்து அப்பா மிதித்தால் உடனே போகாது, யோசித்து யோசித்துப் போகும். பின்னால் நின்றவர்கள் ஹோன் அடித்து எங்கள் பரம்பரையையே விசாரித்தார்கள். அப்பா முகத்தில் கவலையே இல்லை. புனிதம், இதுக்குத் தெரிஞ்ச ஆள் வேணும், கண்டவனும் பார்த்துச் சரிவராது என்றார். எனக்கு அப்போது விளங்கவில்லை.

தெரிந்த ஆளுக்கு இங்கே என்ன பஞ்சம். அந்த ஞாயிறே இராஜநாயகம் மாமா கூட்டம் கூட்டிவிட்டார். அவர் ஊரில் தபால் கந்தோரில் இருந்தவர், தலைமை தாங்காமல் அவருக்குச் சாப்பாடு இறங்காது. கோயில் முற்றத்தில் காரை நடுவில் விட்டு, விளக்கேற்றி, இரண்டு நிமிடம் மௌன மன்றாட்டு, பிறகு வரவேற்புரை, தலைமையுரை, அதற்குப் பிறகுதான் பொனற்றைத் திறந்தார்கள். பெற்றோல் மணக்கிற இடத்தில் விளக்கு வேண்டாம் என்று நான் சொன்னதை ஒருவரும் காதில் விழுத்தவில்லை. சந்தையில் மரக்கறி வான் ஓட்டுகிற நகுலேஸ்வரன் பிளக் என்றார். உணவகத்தில் கோப்பை கழுவுகிற யோசேப் எயார் ஃபில்டர் என்றார். வாக்கெடுப்பில் பிளக் வென்றது. நகுலேஸ்வரன் வயர்களைக் கழற்றிப் புதுப் பிளக் போட்டு மாட்ட, கார் பூனை மாதிரிச் சத்தமில்லாமல் ஸ்டார்ட்டில் நின்றது. எல்லோரும் கை தட்டினார்கள், நன்றியுரை மட்டும் அரை மணித்தியாலம் போனது. அப்பா மட்டும் செத்த வீட்டுக்கு வந்தவர் மாதிரி ஓரமாக நின்றார்.

செவ்வாய்க்கிழமை பழையபடி குலுக்கம். பிளக் பிழை என்று யோசேப் பிரிந்து போய்த் தனிச் சங்கம் தொடங்கிவிட்டார். அவருடைய ஆட்கள் வந்து ஃபில்டரை மாற்றினார்கள், போகும்போது எல்லா வயரையும் துடைத்து அமத்திவிட்டுப் போனார்கள், கார் சுகம். அடுத்த கிழமை மறுபடியும் குலுக்கம். இப்போது இரண்டு சங்கத்துக்காரரும் ஒரே வாங்கில் இருந்து பூசை காண்பதில்லை. பங்குச் சுவாமி போன ஞாயிறு ஒற்றுமை பற்றித்தான் பிரசங்கம் வைத்தார், பாவம், காரால் வந்தது என்று அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. ஒரேத்தோவில் இத்தாலியன் கராஜுக்கும் கொண்டு போனோம். என்னை முன்னால் அனுப்பி மெக்கானிக்கைக் கூட்டி வரச் சொன்னார் அப்பா, நான் கூட்டி வர கார் ஒரு நடுக்கமும் இல்லாமல் நிற்கிறது. சினியோரே, காருக்கு ஒன்றுமில்லை, நீங்கள் வீட்டில் போய்ப் படுங்கள் என்று அவன் அப்பாவுக்குக் கோப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பினான்.

இது போதாதென்று பெல்லெகிரினோ மலைக்குப் புனித ரொசாலியாவைக் கும்பிடப் போன கதை. பாதி ஏற்றத்தில் கார் மூச்சுவிட முடியாமல் ஊர, பாரம் குறையட்டும் என்று நாங்கள் பெண்கள் இறங்கிப் பின்னால் செபம் சொல்லிக்கொண்டு நடந்தோம். மேலே நடந்து போன இத்தாலியர்கள் ஏதோ சுற்றுப்பிரகாரம் என்று நினைத்து மெழுகுதிரியோடு சேர்ந்துவிட்டார்கள். ஒரு கிழவி கார் டிக்கியைத் தொட்டு நெற்றியில் சிலுவை போட்டா, இன்னொருத்தி பூ வைத்தா. உச்சிக்குப் போகும்போது பின்னால் பெரிய கூட்டம். பொனற்றைத் திறந்து பார்ப்போமா என்று நான் கேட்டதற்கு, இத்தனை சனத்துக்கு முன்னாலை என்னெண்டு திறக்கிறது என்று அப்பா வியர்த்து ஊற்ற ஊற்றச் சொன்னார்.

போன திங்கள் காலை பல்கனியில் உடுப்புக் காயப் போடும்போதுதான் எல்லாம் வெளித்தது. கீழே அப்பா பொனற்றைத் திறந்தார். கோழி பிடிக்க வந்தவர் மாதிரி இரண்டு பக்கமும் பார்த்தார். பிளக்குக்குப் போகிற கறுப்பு வயர் ஒன்றின் தலையைக் கொஞ்சமாக மேலே இழுத்துவிட்டார். ஸ்டார்ட் செய்தார், கார் நடுங்கியது, நிம்மதியாகத் தலையாட்டினார். மேலே வந்து போனை எடுத்து உன்னுடைய பெயரைத் தேடி வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். அழுத்தவில்லை. அதற்குள் வாசலில் நகுலேஸ்வரன், அண்ணை கார் திரும்பவும் நடுங்குதாம், பாப்பமோ என்று. அப்பா போனை வைத்துவிட்டார். மகனே, உன்னிடம் கேட்பதற்கு ஒரு கேள்வி வேண்டும் என்று அந்த மனிதன் தன் காரையே பழுதாக்கி வைக்கிறார், நல்ல மனம் கொண்ட சனம் வந்து வந்து அதைத் திருத்திக் கெடுக்கிறது.

பார்த்தபோது எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது போல வாசிக்கிற உனக்கும் வரும். வந்தால் வரட்டும், ஆனால் அவரிடம் காட்டாதே. ஞாயிறு பூசை முடிந்து நாங்கள் வீடு வந்ததும் நீ எடு. அவர் போனை என்னிடம் நீட்டுவதற்கு முதல், அப்பா கார் எப்பிடி என்று கேள். மன்னிப்பு அது இது என்று தொடங்காதே, அவருக்கு அது சரிவராது. போனை இஞ்சினுக்குக் கிட்டப் பிடிக்கச் சொல்லு, சத்தத்தைக் கேள், ம் என்று சொல்லு. பிளக்கைக் கேள், ஃபில்டரைக் கேள், மலையில் எப்படி ஏறியது என்று கேள், அதை அவர் நீளமாகச் சொல்லுவார். வயர் என்று உடனே கண்டுபிடித்துவிடாதே. ஒரு நாலைந்து ஞாயிறாவது உனக்குத் தெரியாமல் இருக்கட்டும். கடைசியில், நத்தார் பண்டிகைக்கு நேரே வந்துதான் பார்க்கோணும் என்று சொல்லு.

நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே, செபம் சொல்ல மறக்காதே. மாதா உன்னைக் கைவிட மாட்டா, நானும் அப்பாவும் தருகிற ஆசீர் எப்போதும் உன் தலைக்கு மேல் இருக்கும். அவர் தருகிறேன் என்று வாயால் சொல்லவில்லை, நான் எடுத்துத் தருகிறேன்.

உன் அம்மா
புனிதமலர்

மறக்காமல் சொல்ல வேண்டியது: நேற்று யோசேப்பின் ஆட்கள் வந்து காரைத் திரும்பவும் சுகப்படுத்திவிட்டுப் போனார்கள். அப்பா அதை ஸ்டார்ட் செய்து பார்த்துவிட்டு, சாப்பிடாமல் படுத்துவிட்டார். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. இன்று விடிய நானே கீழே போய் அந்த வயரை இழுத்துவிட்டு வந்தேன். கார் இப்போது நன்றாக நடுங்குகிறது. ஆரும் திருத்த முதல் எடு.