அப்பா வண்டியின் வெள்ளை லைட்

உத்திரமேரூர்

அன்பு மகன் ஜெகனுக்கு அம்மா எழுதுவது. நீயும் சசிரேகாவும் குழந்தையும் மஸ்கட்டில் சுகமாக இருக்கப் பொன்னியம்மனை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. போனில் சொல்லலாம் என்றால் உன் குரல் கேட்டதுமே அப்பா ஸ்பீக்கரில் போடு என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார். அதனால் இதை எழுதி, பக்கத்து வீட்டு இளமதியிடம் சொல்லி, போனில் படம் பிடித்து உனக்கு அனுப்பப் போகிறேன்.

தை அறுப்பு முடிந்து திருமுக்கூடல் ரோடு முழுக்க நெல் காய்கிறது. ராத்திரியில் அதைக் குவித்துக் கறுப்புத் தார்ப்பாய் போட்டு, சுற்றிலும் கல் வைத்துவிடுகிறார்கள், பாதி ரோடுதான் மிச்சம். அந்த வழியாகத்தான் அப்பா விடியற்காலை மூன்று மணிக்கு வண்டியில் கத்தரிக்காய் லோடு ஏற்றிக்கொண்டு காஞ்சிபுரம் மார்க்கெட்டுக்குப் போகிறார். வெளிச்சம் போதவில்லை என்று முதலில் லைட் கண்ணாடியைப் பல் விளக்கும் பேஸ்ட் போட்டுத் தேய்த்தார், பிறகு பல்பை மாற்றினார், அதற்கும் பிறகுதான் நீ அந்த வெள்ளை எல்இடி வாங்கி அனுப்பினாய். பகல் மாதிரி எரிகிறது. அப்படியும், எதிரில் வருகிறவன் எவனும் டிம் பண்ணுவதில்லை, கண் கூசுகிறது என்று தினமும் திட்டுகிறார். மெக்கானிக் ஜமீர் வண்டியைச் சுவருக்கு நேரே நிறுத்தி லைட்டைப் போட்டுப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, லைட்டு கரெக்டாத்தான் கீதும்மா, அண்ணனுக்குத்தான் கண்ணுல புரை உழுந்த மாதிரி கீது, ஆஸ்பத்திரில காட்டுங்க என்றார். அப்பாவிடம் சொன்னேன். அவனுக்கு வேலை தெரியவில்லை என்று முடித்துவிட்டார்.

போன செவ்வாய்க்கிழமை நெல் குவியல் ஓரமாக வண்டி எதன் மேலோ ஏறி இறங்கியதாம், கல் என்றார். காலையில் கன்னியப்பன் வாசலில் வந்து நின்றார், நெல்லுக்குக் காவலாக அங்கேயே படுப்பவர். அது கல்லு இல்லக்கா, என் கட்டிலு, ஒண்ணுக்குப் போவ எழுந்ததால பொயச்சிக்கினேன் என்றார். ரோட்டில் கட்டில் போட்டால் அப்படித்தான் என்று அப்பா கத்தினார். ஆனால் அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை. உள்ளுக்குள் பயந்துவிட்டார், ஒத்துக்கொள்ளத்தான் மாட்டார்.

மறுநாளிலிருந்து நானும் வண்டியில் ஏறிக்கொள்கிறேன். கல் வருது, ஆள் வருது, ஓரமா போங்க என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வருகிறேன். முதலில் எரிந்து விழுந்தார், இப்போது ஒன்றும் சொல்வதில்லை. நேற்றுத்தான் எனக்கு விளங்கியது. நான் பேசினால் பிரேக் போடுகிறார், பேசாமல் இருந்தால் ரோடு காலி என்று வேகம் பிடிக்கிறார். அவர் ரோட்டைப் பார்த்தே ஓட்டவில்லை ஜெகன்.

நீ சொன்னால்தான் கேட்பார். கண் ஆபரேஷன் முடிகிறவரை வண்டிச் சாவியைத் தொடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல். வண்டித் தலையில் மாட்டப் பெரிய லைட் ஒன்று வேண்டும் என்று கேட்பார், அனுப்பிவிடாதே. நீயும் அங்கே பார்த்து ஓட்டு, குழந்தைக்குத் தலைக்கு ஊற்றினால் நன்றாகத் துவட்டச் சொல். மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நல்லபடியாக இருங்கள். இதைப் படித்த உடனே போன் செய், நாளைக்கு என்று வைக்காதே. இன்று ராத்திரியும் லோடு இருக்கிறது. பனியில் போய் வந்ததில் காலையிலிருந்து எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டு குரலே வரவில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா சுலோச்சனா