பூக்கேட்காமல் வாங்கிய லேப்டாப்

ஆனி 24, திங்கள்.

மூத்தவன் படிப்புக்குக் கம்ப்யூட்டர் வாங்கியபோது விளம்பரம் செய்தித்தாளுக்குள் நோட்டீசாக வந்தது. ஒரு மாதம் சாமி படத்தடியில் கிடந்தது. அம்மன் கோயிலில் வெள்ளை சரி, சிவப்பு வேண்டாம் என்று பூப்போட்டுப் பார்த்து, வெள்ளைப்பூ வந்த பிறகே தேனிக் கடைக்குப் போனோம்.

நேற்று சின்னவள் செல்போனில் லேப்டாப் விளம்பரம் வந்தது. மாணவர்களுக்கு ‘இன்று மட்டும்’ சலுகையாம்.

“வெள்ளிக்கிழமை பூக்கேட்டு வாங்குவோம்த்தா” என்றேன்.

“அம்மன் காத்திருக்கும்மா, ஆஃபர் காத்திருக்காது. அப்பாவே சரின்னுட்டாக.”

பூக்கேட்காமலே வாங்கச் சொல்லிவிட்டேன். இன்றும் அதே விளம்பரம் வந்தது, அதே ‘இன்று மட்டும்’. அவள் சிரிக்கிறாள். எனக்குத்தான் படுக்கை கொள்ளவில்லை.

வெள்ளியன்று கோயிலுக்குப் போவேன். ஆனால் பூப்போட மாட்டேன். சிவப்பு வந்துவிட்டால்...